அருமைக்காரர் வீட்டுச் சத்தம்

இப்போதெல்லாம் மனிதனுக்குத் தன் வயிறு பசிக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. கைக்கடிகாரம் சொன்னால்தான் சாப்பிட உட்காருகிறான். ராத்திரி தூங்கினோமா என்பதையும் அதைத்தான் கேட்கிறான். அது 'சரியாகத் தூங்கவில்லை' என்று சொல்லிவிட்டால் போதும், அதுவரை தெம்பாக இருந்தவன் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுகிறான். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் அர்த்தநாரி இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தார். தலைமைச் சமையல்காரன் கரண்டியைச் சாம்பாரில் விட்டான், கரண்டிக் காம்பில் பச்சை விளக்கு எரிந்தது, உப்பு சரி என்று மூடியைப் போட்டுவிட்டான். அப்புறம் நாக்கு எதற்கப்பா இருக்கிறது என்று கேட்டதற்கு, "பேசறதுக்குங்க" என்றான். அதற்கும்தான் எவன் உபயோகப்படுத்துகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே அர்த்தநாரி வெளியே வந்தார்.

அவருக்குத் திருச்செங்கோடு. மலைமேல் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். அந்தப் பெயரை ஊரில் வீட்டுக்கு ஒருத்தருக்கு வைத்திருப்பார்கள், இவருக்கும் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒத்துவரவில்லை. போர்வெல் வண்டியில் ஏறினவர், சத்தீஸ்கர், ஒடிசா என்று யார் யார் ஊரிலோ பூமியைத் துளைத்துப் பாதி ஆயுளைக் கழித்தார். தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுகிற மெஷின்காரர்களைப் பார்த்திருக்கிறார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக்கொண்டு நடக்கிறவர்களையும் பார்த்திருக்கிறார். இரண்டு கூட்டம் காட்டிய இடத்திலும் தண்ணீர் வராமல் புழுதி கிளம்பியிருக்கிறது. இவரே மீசையைத் தடவிக்கொண்டு 'இங்கே போடு' என்று காட்டிய இடங்களிலும் புழுதிதான் கிளம்பியது. அதை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை. ஆகமொத்தம், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிற எதையும் அவர் நம்புவது கிடையாது.

வண்டியை விற்றுவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தபிறகு அருமைக்காரர் ஆனார். கொங்குப் பக்கத்துக் கல்யாணங்களில் வேறு யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அருமைக்காரர் இருந்தாக வேண்டும். சீர்களை நடத்துவது, தாலியை எடுத்துக் கொடுப்பது, முதலில் வாழ்த்துவது எல்லாம் அவர்தான். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் நின்றுவிட முடியாது. கட்டிய மனைவியோடு குறையில்லாமல் வாழ்கிறவன் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். அர்த்தநாரியையும் பாவாயியையும் ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு சத்தம் வந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். பெண், அவர் தம்பி மகள் மகிழினி. மாப்பிள்ளை பிரணவ், பெருந்துறையில் வேலை. அவளுக்குப் புனேயில் வேலை. ஒரு சிநேகிதக்காரன் கல்யாணத்தில் பார்த்துக்கொண்டார்கள், அதற்கப்புறம் வருடக்கணக்காகப் போனிலேயே பழகி, போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் இருந்த வேலை மண்டபம் பிடிப்பதும் பத்திரிகை கொடுப்பதும்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பொழுது சாய்வதற்குள் நலங்குக்கு வந்துவிட வேண்டும் என்று பெண்ணிடம் சொல்ல அர்த்தநாரி மாடி ஏறினார். காலையிலிருந்தே எதிரில் வருகிறவர்கள் எல்லாம் அவர் நெஞ்சைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். அருமைக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை இந்தக் காலத்தில் இப்படி ஆகிவிட்டது போல என்று அவர் விட்டுவிட்டார்.

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மகிழினி கட்டில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரணவ் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவளுடைய கல்லூரித் தோழி ரிஸ்வானா போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே போடுவதா உடைப்பதா என்று தெரியாதவள் மாதிரி இருந்தாள். பிரணவின் கூட்டாளி தருண் மட்டும் தட்டில் இருந்த முறுக்கை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன கண்ணு, எழவு ஊடு மாதிரி உக்காந்திருக்கறீங்க" என்று கேட்டுவிட்டு, அருமைக்காரர் வாயில் வரக்கூடாத வார்த்தை என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகிழினி நிமிர்ந்து பார்த்தாள். "பெரியப்பா, நாளைக்கு வேண்டாம்னு இருக்குங்க."

"நாளைக்கு வேண்டாம்னா எப்படி? நாளன்னிக்கு அஷ்டமி."

"நாளன்னிக்கும் வேண்டாம்."

தருண் முறுக்கைத் தட்டில் வைத்தான். அர்த்தநாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையன் ஏதாவது தப்புத்தண்டா செய்துவிட்டானா என்று பிரணவின் முதுகை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லையாம். முன்னோட்டம் பார்த்தார்களாம்.

முன்னோட்டம் என்ற பெயர் அவர் காதில் விழாதது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் நின்று போட்டோ பிடிப்பார்களே, அதற்குத்தான் புதிதாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ரிஸ்வானா அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள்தான் விளக்கினாள்.

"ஒருத்தரோட குணம் பூரா அவங்க போன்ல இருக்கும் பெரியப்பா. எதுக்குச் சிரிச்சாங்க, எப்பக் கோவப்பட்டாங்க, கோவம் தீர எத்தனை நேரமாச்சு, எல்லாம். அதை எடுத்து அவங்களை மாதிரியே ஒரு நிழல் பண்ணுவோம். மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே வீட்ல குடிவச்சு முப்பது வருஷம் ஓட விடுவோம். நமக்கு அது ஒரு டீ குடிக்கற நேரம்."

"நெழலு சோறு திங்குமா?"

"திங்காதுங்க."

"சண்டை போடுமா?"

"போடுங்க."

"சோறு திங்காததுக என்னத்துக்குச் சண்டை போடுதுக" என்றார் அர்த்தநாரி.

தருண் சிரித்தான். ரிஸ்வானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் சொல்லி முடித்தாள். முடிவில் மெஷின் மூன்றில் ஒரு வார்த்தை சொல்லும். நிறைவு, சமாளிப்பு, விலகல். பாதிப் பேருக்குச் சமாளிப்புதான் வருமாம். அதைக் கேட்டபோது மட்டும் மெஷினுக்குக் கொஞ்சம் உலகம் தெரிந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

யோசித்துப் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் இதனால் நடந்த கூத்துகள் எல்லாம் அவர் காதுக்கு வந்தவைதான். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் விட்டிருந்தார். சங்ககிரிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இரண்டு இடத்தில் விலகல் என்று வந்ததில், இப்போது தரகர்கள் அந்தத் தெருவுக்கே போவதில்லை. மெஷின் இரண்டு தடவை சொன்னது இரண்டு வேறு வேறு பையன்களைப் பற்றி. பேர் கெட்டது இவள் ஒருத்திக்கு. நிறைவு வாங்கிய ஜோடி ஒன்று அடித்துக்கொண்டு ரத்தக் காயத்தோடு பெரியவர்களிடம் போய் நின்றபோது, நிறைவு வந்தவர்களுக்குள் அப்படி நடக்காது என்று இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜாதகம் பார்த்த காலத்திலாவது பரிகாரம் என்று ஒன்று இருந்தது. ஒரு கோயில், ஒரு விளக்கு, மனசுக்கு ஒரு சமாதானம். இதற்கு அதுவும் கிடையாதாம்.

மகிழினியும் பிரணவும் முன்னோட்டம் பார்ப்பதாகவே இல்லை. நமக்கெதற்கு அது என்று இருந்துவிட்டார்கள். ரிஸ்வானாதான் கல்யாணப் பரிசாக இருக்கட்டும் என்று அவர்களிடம் சம்மதம் வாங்கி ஓட்டிப் பார்த்தாள். நிச்சயம் நிறைவு வரும், மேடையில் வைத்துப் படித்துக்காட்டலாம் என்பது அவள் கணக்கு. வந்தது வேறு. அவள் மறைக்கப் பார்த்தாள். தருண் விளையாட்டாகப் போனைப் பிடுங்கி, கல்யாண வீட்டு மைக்கில் பேசுகிற குரலில் உரக்கப் படித்துவிட்டான். படித்து முடிக்கும்போதுதான் என்ன படித்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

"என்னதான் சொல்லுச்சு?"

"கொஞ்ச வருஷம் நல்லா இருப்போமாம்" என்றாள் மகிழினி. "அப்புறம் பேச்சு குறைஞ்சுக்கிட்டே வருமாம். சண்டை இல்லை, ஒண்ணும் இல்லை. கடைசியில ஒரே வீட்ல ரெண்டு பேர், பேச்சே இல்லை. விலகல்."

"மெஷின் ஆயிரம் சொல்லும். நீ நம்பறயா?"

"நான் மெஷினை நம்பலைங்க பெரியப்பா. அது சொன்னப்ப நான் இவனைத் திரும்பிப் பார்த்தேன். சும்மா உளறுது மகின்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்தேன். ஜன்னலுக்குப் போனவன் அங்கேயே நிக்கறான்."

பிரணவ் திரும்பினான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவளுடைய பயம் என்னவென்று அப்போதுதான் வெளியே வந்தது. போனில் அவன் அருவி மாதிரிப் பேசுவானாம். காலையில் பல் விளக்கியதிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் குறட்டை விட்டதுவரை எழுதி அனுப்புவானாம், படித்துப் படித்து இவள் ஆபீசில் தனியாகச் சிரிப்பாளாம். நேரில் வந்தால் தலையை ஆட்டுவான், டீ வாங்கிக் கொடுப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான். இத்தனை வருடமும் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. "நாளையிலிருந்து ஒரே வீடு. போனுக்கு வேலை இல்லை. எனக்கு அந்தப் பிரணவைத்தான் தெரியும், இவனைத் தெரியாது" என்றாள்.

பேசுகிறவனெல்லாம் நல்லவனா, பேசாதவனெல்லாம் கெட்டவனா என்று அர்த்தநாரி பொதுவாக எதையோ சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு யாருக்கும் உதவவில்லை. கீழே நாதஸ்வரக்காரர் ஊதிச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. நாளைக்குக் காலையில் இந்தப் பெண் மணவறைக்கு வராவிட்டால் தம்பி என்ன ஆவான் என்று நினைத்துப் பார்த்தார். தம்பிக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் தருண்தான் ஒரு யோசனை சொன்னான். படித்துக் கெடுத்தவன் அவன் என்பதால் சரிசெய்கிற பொறுப்பும் தன்னுடையது என்று நினைத்தானோ என்னவோ. "மாமா, பேரே அர்த்தநாரி. ஊருக்கே ஜோடி சேர்த்து வைக்கறவரு நீங்க. உங்களையும் அத்தையையும் மெஷின்ல போட்டுப் பார்த்தா என்ன? நீங்க ரெண்டு பேரும் எப்படி வாழ்ந்தீங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. அது சரியாச் சொன்னா அதை நம்பலாம். தப்பாச் சொன்னா குப்பையில போடலாம்."

வாழ்ந்து முடித்தவர்களுக்கு அப்படி ஓட்டுவதைப் பின்னோட்டம் என்பார்களாம், கம்பெனியே மெஷினை அப்படித்தான் சோதித்துப் பார்க்குமாம். ரிஸ்வானா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் மகிழினி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். செய்து பாருங்கள் பெரியப்பா, உங்கள் விஷயத்தில் அது தப்பாகச் சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் நலங்குக்கு வருகிறேன் என்றாள். சரியாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அர்த்தநாரி கொஞ்சமும் யோசிக்காமல் போனை எடுத்து நீட்டினார். மெஷினை மட்டம் தட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. பாவாயியின் சம்மதமும் வேண்டும், அவள் கட்டைவிரலும் வேண்டும் என்றதும், ரிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். பாவாயி கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரிஸ்வானா என்ன ஏது என்று விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாவாயி பாதியிலேயே புருஷன் முகத்தைப் பார்த்தாள், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனில் வைத்தாள், மறுபடி வெற்றிலைக்குத் திரும்பிவிட்டாள்.

"எதுக்குன்னுகூடக் கேக்க மாட்டா" என்று மாடி ஏறும்போது அர்த்தநாரி பெருமையாகச் சொன்னார். "அவ்வளவு நம்பிக்கை."

ரிஸ்வானா அவருக்கு முன்னால் படியேறிப் போனாள்.

டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் போன் சிணுங்கியது. ரிஸ்வானா பார்த்தாள். இந்தத் தடவை தருணிடம் கொடுக்காமல் அவளே மெல்லப் படித்தாள். "விலகல். இந்த இருவரும் பிரிந்துவிட்டார்கள்" என்று படித்துவிட்டு, எந்த வருடத்திலிருந்து என்பதையும் படித்தாள். அது அர்த்தநாரி வண்டியை விற்ற வருடம். தை மாதம்.

முதலில் தருண் சிரிக்க ஆரம்பித்தான், பிறகு நான்கு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கீழே நாதஸ்வரம் நின்றுவிட்டது. மகிழினி கட்டிலில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அர்த்தநாரியும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நேற்று ராத்திரிகூட ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், பாவாயி போட்ட தோசையைத் தின்றுவிட்டுப் படுத்தவர் அவர்.

"மாமா, பொண்டாட்டியைப் பிரிஞ்ச ஆளு தாலி எடுத்துக் குடுக்கக் கூடாதுங்க. நாங்க வேற ஆளு பார்த்துக்கறோம்" என்றான் தருண்.

"அத்தைக்கு எப்பச் சொல்லப் போறீங்க? அவங்களுக்கு விஷயம் தெரியாது போலயே" என்று அவனே தொடர்ந்தான்.

"போடா இவனே" என்றார் அர்த்தநாரி. வெகுநாளைக்கப்புறம் அவருக்கு அப்படிச் சிரிப்பு வந்தது.

ஏன் இப்படித் தப்பு வந்தது என்று மகிழினி கேட்டாள். ரிஸ்வானா போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். மெஷினுக்குப் போன் பேச்சு மட்டும்தான் காதில் விழும். பெரியப்பா வண்டியில் வெளியூர் சுற்றிய காலத்தில் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேசியிருக்கிறார். வீட்டோடு வந்தபிறகு யார் யாருக்குப் போன் போடுவார்கள்? பேச்சு நின்றதும் ஆட்கள் பிரிந்துவிட்டதாக அது எழுதிக்கொண்டது. மகிக்கும் பிரணவுக்கும் சொன்னதும் அதேதான். ஒரே வீட்டுக்குப் போனதும் போன் பேச்சு குறையும், அதற்கு விலகல் என்று பெயர் வைத்துவிட்டது.

"செவிட்டு மெஷினு" என்றார் அர்த்தநாரி.

அப்போதுதான் பிரணவ் ஜன்னலைவிட்டு வந்தான். வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் எழுதிப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி, எழுத்துக்கூட்டிப் பேசினான்.

"எனக்கு நேர்ல பேச வராது மகி. மெஷின் சொன்னப்ப எனக்குப் பயமாப் போச்சு. அது நெஜமாகிடும்னு தோணுச்சு, அதான் வாயே வரலை. கத்துக்கறேன். முடியலைன்னா பக்கத்து ரூம்ல இருந்து மெசேஜ் போடறேன்."

"போடு. நான் படிக்க மாட்டேன். எந்திரிச்சு வந்து சொல்லு."

"வந்து சொல்றேன்."

"பஸ்ல குறட்டை விட்டவரையும் சொல்லணும்."

"அவரை நாளைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். நீயே பார்த்துக்க" என்றான்.

மகிழினி அவன் தலையில் தலையணையால் ஒரு போடு போட்டாள். அர்த்தநாரி எழுந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் நலங்கு என்று மறுபடி சொன்னார். வந்துவிடுகிறேன் பெரியப்பா என்றாள் அவள்.

படியில் இறங்கும்போது அவருக்கு ஒரே குஷி. மெஷினை ஜெயித்தாகிவிட்டது, கல்யாணமும் நின்றுபோகவில்லை. பாதிப் படியில் கால் தானாக நின்றது. தை மாதம் என்று சொன்னதே அது.

ராய்ப்பூர் பக்கத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்து கம்ப்ரஸரை நிறுத்தியதும் காதில் இரைச்சல் அடங்காமலேயே அவர் பாவாயிக்குப் போன் போடுவார். அவள் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். எருமை கன்று போட்டது, அவள் தங்கச்சி புருஷன் புது மீசை வைத்தது, கனவில் வந்த பாம்பு அவளிடம் வழி கேட்டது. இவர் தார்ப்பாயில் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார். வண்டி ஆட்கள் எல்லாம், முதலாளி வீட்டில் பேசுகிறாரா சினிமா பார்க்கிறாரா என்று கேலி செய்வார்கள். பிறகு வண்டியை விற்றார், தை மாதத்தில் வீட்டோடு வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருடம்? போன மாதம்? பாம்பு அப்புறம் எப்போதாவது கனவில் வந்ததா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அவர் திரும்பி மேலே பார்த்தார். ரிஸ்வானா படி முனையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் நிற்பதைப் பார்த்து நின்றாளா, முன்பே அங்கே நின்றாளா தெரியவில்லை.

"ஏங்கண்ணு, அது நெசமாலுமே ஊட்டுப் பேச்சைக் கேக்காதா?"

அவள் இறங்கி வந்தாள். பக்கத்துப் படியில் நின்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "கேக்கும் பெரியப்பா. போன் மேசைமேல சும்மா கிடந்தாலும் கேக்கும்."

"எங்க ஊட்டுல என்னத்தைக் கேட்டுது?"

"டிவி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "குக்கர்" என்றாள்.

கீழே யாரோ வாழை இலைக் கட்டைத் தொப்பென்று போட்டார்கள். அப்படியானால் மேலே சொன்னது பொய்யா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் முகம் சிவந்தது. நாளைக்கு அந்தப் பெண் கழுத்தில் ஏறப்போகிற தாலியை எடுத்துக் கொடுக்கிறவர் அவர். உள்ளதைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று கேட்டார்.

"மெஷின் சரியான்னு மகி கேக்கலைங்க. பிரணவ் வாயைத் திறப்பானான்னுதான் கேட்டா. நீங்க சிரிச்சதுல அவன் திறந்துட்டான்" என்றாள் ரிஸ்வானா. "மெஷினுக்குப் பிரணவ் பயந்தது தெரியாது. பயந்தா மனுஷன் மாறுவான்னும் தெரியாது. இல்லை, மாற மாட்டானோ என்னவோ. எனக்கும் தெரியலைங்க." பிறகு போனை நீட்டினாள். உங்களுக்கு வந்த முடிவு சரியா தவறா என்று கம்பெனி கேட்கும், நீங்கள்தான் அமுத்த வேண்டும், அதை வைத்துத்தான் மெஷின் படித்துக்கொள்ளும் என்றாள். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன.

"இரு" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி விடுவிடுவென்று இறங்கினார்.

மண்டபத்துக்குப் பின்பக்கம், தண்ணீர் டேங்கர் நிற்கிற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அங்கிருந்து கூடத்து ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் பாவாயி தெரிந்தாள். மற்றப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள், அவள் தனியாக உட்கார்ந்து வெற்றிலையில் கிழிந்ததை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தன் போனில் அவள் நம்பரைத் தேடினார். வெகுநேரம் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பாவாயி என்ற பெயரில் இல்லை. 'வீடு' என்று இருந்தது.

மணி அடித்தது. பாவாயி மடியைத் தடவி, பாக்குப் பையைத் தள்ளி, போனை எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தாள். காதில் வைத்தாள்.

"என்னுங்க?"

"நாந்தான்."

"தெரியுது. எங்கிருக்கறீங்க?"

பின்பக்கம்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, "ராய்ப்பூர்ல" என்றார்.

பாவாயி அசையவில்லை. சுற்றுமுற்றும் தேடவும் இல்லை. கையில் இருந்த வெற்றிலையை மெதுவாகக் கீழே வைத்தாள். பைத்தியமா பிடித்துவிட்டது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"எங்க? புழுதிதான்."

அவள் சிரித்தாள். முதலில் மூக்கால் வந்து பிறகு வாய்க்கு ஏறுகிற அதே சிரிப்பு. சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். முழங்கால் மூன்று மாதமாகக் குடைகிறது, தைலத்துக்கு மசியவில்லை. சம்பந்தியம்மா மல்லிகைப்பூவைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டாள், கல்யாணம் முடியட்டும் என்று இவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். சமையல்காரன் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை, கரண்டியில் விளக்கு எரிந்தது என்று சாதிக்கிறான்.

"அப்பறம், காலைல இருந்து சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டுத் திரியறீங்க. ஊரே பார்த்துச் சிரிக்குது."

அர்த்தநாரி குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, சட்டை கோணலாகத் தொங்கியது. "பார்த்தவ சொல்றதுக்கென்ன?"

"நீங்க எம்பக்கம் திரும்பவே இல்லீங்களே."

அவர் ஒரு கையால் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எப்ப வருவீங்க?" என்றாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடவையும் போனை வைப்பதற்கு முன்னால் கேட்பாளே, அதே கேள்வி.

"நா வந்து வருசக்கணக்காச்சே புள்ள."

"அப்படிங்களா? எனக்கு ஒருத்தருஞ் சொல்லலீங்களே" என்றாள் பாவாயி.

பின்கதவைத் திறந்துகொண்டு ரிஸ்வானா வந்தாள். அவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், ஜன்னலுக்குள் பேசிக்கொண்டிருப்பவளையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போனை மட்டும் நீட்டினாள். சரி, தவறு. இரண்டு பொத்தான்களும் அப்படியே இருந்தன.

அர்த்தநாரி தன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "தப்புன்னு போடு" என்றார். "முழுத் தப்பு. எவன் சொன்னாலும் நா நம்ப மாட்டேன்."

"நீங்கதான் அமுத்தணும் பெரியப்பா."

அவர் அந்தத் திரையைப் பார்த்தார். விரலை நீட்டினார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு இப்ப சோலி கெடக்குது" என்று சொல்லிவிட்டு, போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு நடந்தார். கூடத்துக்குப் போகிற வழி இடது பக்கம். அங்கே போனால் பாவாயி எதிரில் இருப்பாள், போனை வைத்துவிடுவாள், வெற்றிலையை எடுத்துக்கொள்வாள். அவர் வலது பக்கம் திரும்பி, டேங்கரைச் சுற்றிக்கொண்டு, வெளிக்கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். மெஷினாவது மண்ணாவது என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

"என்னுங்க? கேக்கலீங்க" என்றாள் பாவாயி.

"ஒண்ணுமில்ல, நீ சொல்லு. அந்தப் பாம்பு அப்பறம் வந்துதா?"

"எந்தப் பாம்பு? ஓ, அதுங்களா, அதை ஏங் கேக்கறீங்க" என்று அவள் ஆரம்பித்தாள். அர்த்தநாரி சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டே மண்டபத்தை விட்டு இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போனார்.